சனிக்கிழமை ராத்திரிதான் பிரசங்கம் எழுத முடியுது, நீங்கள்லாம் எப்படி பண்றீங்க?

ரங்கூன் தம்பி:
ஸ்தோத்திரம் ஐயாமாரே. ரங்கூன்ல ஒரு சின்ன தமிழ் சபைல ஒரு வருஷமா ஊழியம் பண்றேன், பகல்ல டியூஷன், சாயங்காலம் வீட்டு ஜெபம், புதன் பைபிள் ஸ்டடி, வெள்ளி உபவாச ஜெபம், நடுவுல யாராவது ஆஸ்பத்திரில இருந்தா அங்க ஓடணும், நிமிர்ந்து பார்த்தா சனி ராத்திரி, அன்னைக்குன்னு கரண்டும் இருக்காது. போன வாரம் எபேசியர் 2:8, கிருபையால இரட்சிக்கப்பட்டீங்கன்னு வர்ற வசனம், அத எடுத்து போன் வெளிச்சத்துல எழுதினேன், மேடைல அத வாசிச்சுட்டு இறங்கின மாதிரிதான் இருந்துச்சு. இதுல பெரியவங்களுக்கு தமிழ் வேணும், பிள்ளைங்களுக்கு பர்மீஸ்ல சொன்னாதான் புரியுது. வாரத்த எப்படி பிரிக்கிறீங்க?

மோல்மேன் ஐயா:
தம்பி, திங்கள் எனக்கு லீவுதான், ஆனா ராத்திரி படுக்கப்போற முன்னாடி வசனத்த நாலஞ்சு தடவ சத்தமா வாசிச்சிருவேன். வியாழன் வரைக்கும் கமெண்டரி, அதான் வசன விளக்க புஸ்தகம், தொடமாட்டேன். செவ்வாய் புதன் வீடு சந்திக்க போறப்ப வசனம் கூடவே வரும். ஒரு தடவ லூக்கா 15 எடுத்திருந்தேன், வீட்ட விட்டுப்போய் திரும்பி வர்ற காணாமப்போன மகன் கதை, அந்த வாரம் ஒரு அம்மா வீட்டுக்கு ஜெபிக்க போனா அவங்க பையன் தாய்லாந்துக்கு வேலைக்கு போய் மாசக்கணக்கா போன் இல்ல, ராத்திரி வாசக்கதவ பூட்ட மனசு வரலைன்னாங்க. அந்த தகப்பன் மகன தூரத்துலயே எப்படி கண்டாருன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது. அவங்க கதைய மேடைல சொல்லல, சொல்லவும் கூடாது. அதனால சந்திப்ப கொறைக்காதீங்க, வசனத்த முன்னாடியே எடுத்துக்கங்க. வெள்ளி பகல்ல எழுதி முடிச்சு சனி வீட்டம்மாகிட்ட சொல்லிக்காட்டுவேன், அவங்க முகம் சுருங்கற இடத்த வெட்டிருவேன்.

மொழிபெயர்க்கிற அக்கா:
தம்பி, நான் எங்க சபைல பர்மீஸ்ல மொழிபெயர்க்கிறவ. ஆராதனைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி பேப்பர கையில குடுத்தா நாங்க என்ன செய்ய, வியாழனே வசனத்தையாவது குடுத்துடுங்க. ஜட்சன் பைபிள, அதான் மிஷனரி அதோனிராம் ஜட்சன் பர்மீஸ்ல மொழிபெயர்த்தத, பக்கத்துல வச்சு வாசிங்க, 1813ல ரங்கூன் வந்த மனுஷன் 1834லதான் முழுசா முடிச்சார். உங்க எபேசியர் வசனத்துல கிருபைக்கு அவர் போட்டிருக்கிறது "சேஜூடோ", நம்ம பிள்ளைங்க கடைல நன்றின்னு தெனம் சொல்ற "சேஜூ தின்பாடே"ல இருக்கிற அதே சேஜூ. அங்க இருந்து ஆரம்பிச்சா பிள்ளைங்க தலை நிமிர்ந்து பார்ப்பாங்க, பெரியவங்களும் இங்க பொறந்தவங்கதானே, அவங்களுக்கும் இறங்கும்.

ரங்கூன் தம்பி:
அக்கா, அந்த சேஜூவ நான் யோசிக்கவே இல்ல! ஐயா, இந்த வாரம் லூக்கா 18, வரி வசூலிக்கிற ஆயக்காரனோட ஜெபம். இப்ப கரண்ட் இல்ல, மெழுகுவத்தி ஏத்தி ஒரு தடவ வாசிச்சாச்சு. எங்க மொழிபெயர்க்கிற அண்ணனுக்கும் இப்பவே மெசேஜ் போட்டுட்டேன்.