திவால் டிஸ்சார்ஜ் வந்து நாளாச்சு, வீட்டு மேல ஜட்ஜ்மென்ட் லியன் அப்படியே நிக்குது. உதவி வேணும்

எடிசன்வாசி:
வணக்கம். நியூ ஜெர்சியில இருக்கேன். மருத்துவமனை பில் கட்ட முடியாம 2023 மே மாசம் என் மேல 24,000 டாலருக்கு கோர்ட் ஜட்ஜ்மென்ட் வந்து, அது வீட்டு மேல லியனா (கடனுக்கான பிடிப்பா) ஏறிடுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல சாப்டர் 7 திவால் மனு போட்டேன். 2024 பிப்ரவரியில டிஸ்சார்ஜ் ஆர்டர், அதாவது அந்தக் கடனை நான் இனி கட்ட வேண்டாம்ங்கிற உத்தரவு, வந்தது. அன்னிக்கு நானும் என் மனைவியும் அழுதுட்டோம். இப்ப வீட்டுக் கடனை மாத்தி எடுக்க ரீஃபைனான்ஸுக்குப் போனா, அந்த லியன் இன்னும் இருக்குன்னு வீட்டுப் பதிவுகளைச் சரிபார்க்கிற டைட்டில் கம்பெனி சொல்லுது. கடனே போன பிறகு இது எப்படி நிக்கும்? வீடு என் பேர்ல மட்டும்தான். ஹோம்ஸ்டெட் விலக்கும் (குடியிருக்கிற வீட்டைக் கடன் வசூல்ல இருந்து காப்பாத்துற விலக்கு) கேட்டிருந்தோம்.

டல்லாஸ் தம்பி:
ஹோம்ஸ்டெட் கேட்டிருந்தா யாரும் தொட முடியாதே அண்ணா? இங்க டெக்ஸாஸ்ல ஊருக்குள்ள 10 ஏக்கர் வரைக்கும், வீடு என்ன விலையா இருந்தாலும் பாதுகாப்பு.

பாராலீகல் அக்கா:
தம்பி, அது உங்க மாநிலச் சட்டம். நியூ ஜெர்சியில மாநில ஹோம்ஸ்டெட் விலக்கே கிடையாது. இங்க ஃபெடரல் விலக்கைத்தான் எடுப்பாங்க. 2023 அக்டோபர்ல அது ஆளுக்கு 27,900 டாலர்.

எடிசன்வாசி, நீங்க பயப்பட வேண்டாம். டிஸ்சார்ஜ் உங்களை விடுவிக்கும், வீட்டை விடுவிக்காது. திவாலுக்கு முன்னாடியே ஏறின லியன் தானா இறங்காதுன்னு சுப்ரீம் கோர்ட் 1886லயே சொல்லிடுச்சு. திவால் சட்டம் 522(எஃப்) பிரிவுல தனியா மோஷன் (கோர்ட்ல கேட்கிற மனு) போட்டு அதை இறக்கலாம். உங்க கேஸ்ல அதை யாரும் போடலைன்னு நினைக்கிறேன். மனு போட்ட அன்னிக்கு வீட்டு மதிப்பு என்ன, மார்ட்கேஜ் பாக்கி எவ்வளவு?

எடிசன்வாசி:
அப்ப 4,00,000. மார்ட்கேஜ் 3,65,000. இப்ப வீடு 4,60,000 போகும். மோஷன் எதுவும் போட்டதா தெரியலைங்க.

பாராலீகல் அக்கா:
4,60,000-ஐ மறந்துடுங்க. மனு போட்ட நாள் மதிப்புதான் கணக்கு. மார்ட்கேஜ் 3,65,000, லியன் 24,000, விலக்கு 27,900, மூணையும் கூட்டினா 4,16,900. வீட்டு மதிப்பை விட 16,900 கூடுதல். அந்த அளவுக்கு லியன் உங்க விலக்கைக் கெடுக்குது, அதனால அவ்வளவும் ரத்தாகும், மிச்சம் 7,100 நிக்கும்.

முழுசா போகாதான்னு வருத்தப்படுவீங்க. திவால் மனுவுல விலக்குகளை எழுதின பட்டியல், ஷெட்யூல் சி-யை எடுத்துப் பாருங்க. எந்தச் சொத்துக்கும் வைக்கக்கூடிய வைல்ட்கார்டு விலக்கு 1,475 டாலரை எங்கயும் பயன்படுத்தலைன்னா, அதை வீட்டுக்கு வைக்க முடியுமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க. வச்சா மிச்சம் 5,625 ஆகும்.

டல்லாஸ் தம்பி:
கேஸ் மூடியாச்சே அக்கா, இனிமே போட முடியுமா?

பாராலீகல் அக்கா:
கேஸைத் திரும்பத் திறக்கச் சொல்லி மோஷன் போடலாம். 522(எஃப்)-க்குச் சட்டத்துல காலக்கெடு இல்லை. ஆனா தாமதத்தால பணம் வரவேண்டியவருக்கு நஷ்டம்னு காட்டினா ஜட்ஜ் யோசிப்பார். அதனால தள்ளிப் போடாதீங்க, வீட்டை விக்கிறதா இருந்தா அதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. 2023 அக்டோபர் தேதியைக் குறிச்சு அப்ரைசல் (வீட்டு மதிப்பு அறிக்கை) எழுதி வாங்குங்க. இதுலதான் எதிர்த்தரப்பு சண்டைக்கு வரும்.

வேற லியன் இருக்கா? வரி லியன், கட்டட வேலைக்காரர் போட்ட லியன், ஜீவனாம்ச பாக்கிக்கு வந்த லியன் எதுவும் இந்த வழியில இறங்காது.

எடிசன்வாசி:
வேற எதுவும் இல்லை அக்கா. ஷெட்யூல் சி பார்த்தேன், வைல்ட்கார்டைப் பேங்க் அக்கவுண்டுக்கு வச்சிருக்காங்க. அப்ப 7,100-தான். வேற ஒரு வக்கீலைப் பார்த்தேன், கணக்கு சரின்னு சொன்னார். அடுத்த வாரம் மோஷன் போடுறோம். இத்தனை நாளா முழு 24,000-த்தையும் கட்டணும்னு தூங்காம இருந்தோம்.

பாராலீகல் அக்கா:
நல்லது. ஆர்டர் வந்ததும் சர்ட்டிஃபைட் காப்பி ரெண்டு மூணு வாங்கிக்கோங்க. ஒண்ணு டைட்டில் கம்பெனிக்கு. ஜட்ஜ்மென்ட் பதிவான கோர்ட் கிளார்க்குக்கும் ஒண்ணு போகணும். அங்க பதிவு திருந்தலைன்னா அடுத்த தடவையும் இதே லியன் தேடல்ல வந்து நிக்கும்.