பாயான் லெப்பாஸில் டெக்னீசியன் வேலை: நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

மாக் மண்டின்வாசி:
அனைவருக்கும் வணக்கம். போலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்திருக்கிறேன். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் மின்னணுச் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் தொழிற்சாலை ஒன்று, டெக்னீசியன் வேலைக்காக வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப் பள்ளிக்குச் சென்றவன் என்பதால் மலாய் தடையின்றி வரும். ஆங்கிலத்தில்தான் பாதி வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறேன். யூடியூப்பில் கிடைத்த மாதிரி விடைகளை இப்போது மனப்பாடம் செய்து வருகிறேன். அது போதுமா? எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது? அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் வழிகாட்டுங்கள்.

லைன் எஞ்சினியர்:
தம்பி, மாதிரி விடைகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தேர்வுக்குழுவில் உட்காரும் எங்களுக்கு அவை ஏற்கெனவே மனப்பாடம். டிப்ளோமா முடித்து வருபவரிடம் நாங்கள் தேடுவது, இயந்திரம் நின்றுபோனால் இவர் எந்த வரிசையில் யோசிப்பார் என்பதைத்தான். ஆகவே உங்கள் இறுதியாண்டுத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, குழுவாகச் செய்ததை ஒதுக்கிவிட்டு, உங்கள் கையால் செய்தது எது, எங்கே கோளாறு வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சொல்லிப் பழகுங்கள்.

அடுத்து, அந்தத் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்பது ஓரளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். வேஃபரை (சில்லுகள் உருவாக்கப்பட்ட மெல்லிய சிலிக்கான் தட்டை) அறுப்பது, சில்லை ஒட்டுவது, மெல்லிய கம்பியால் இணைப்பது, பிசினால் மூடுவது, இறுதியில் சோதிப்பது என்ற வரிசையைப் படித்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கம்பிக்குத் தங்கத்தைவிடச் செம்பு மலிவானது. ஆனால் கம்பி நுனியை உருக்கிக் குண்டாக்கும்போது செம்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால், ஹைட்ரஜன் சிறிதளவு கலந்த நைட்ரஜன் வாயுவை அங்கே செலுத்துகிறார்கள். இந்த அளவு தெரிந்திருந்தாலே பேச்சு வேறு திசையில் போகும்.

நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்த மணிக்கட்டில் கட்டும் பட்டையில் 1 மெகா ஓம் மின்தடை எதற்கு? பட்டை தரையோடு இணைந்திருக்கும்போது, தொழிலாளியின் கை தவறுதலாக 230 வோல்ட் மின்சாரத்தில் பட்டுவிட்டால், அந்த மின்தடைதான் உடல் வழியாகப் பாயும் மின்னோட்டத்தைக் கால் மில்லி ஆம்பியருக்கும் கீழே நிறுத்துகிறது. ஓம் விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதை இங்கே பொருத்திப் பார்ப்பவர் குறைவு.

ஆங்கிலத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். நின்றுவிட்டால், மலாயில் தொடரலாமா என்று பணிவாகக் கேளுங்கள். டெக்னீசியன் வேலைக்கு இதைக் குறையாக நினைக்கும் எஞ்சினியர்கள் அதிகமில்லை.

எச்.ஆர். அக்கா:
மனப்பாடமே கூடாது என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. முதல் இரண்டு ஆங்கில வாக்கியங்களையாவது, உங்கள் சொந்தச் சொற்களில் எழுதி, வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பாருங்கள். தொடக்கம் தடுமாறாமல் இருந்தால் பதற்றம் பாதி அடங்கிவிடும்.

சம்பள விஷயத்தில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஷிப்ட் அலவன்ஸ், வருகை ஊக்கத்தொகை, மருத்துவ வசதி எல்லாவற்றையும் கேட்டுச் சேர்த்துப் பாருங்கள். மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்குச் சாதாரண நாளின் மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்பதும், 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 45 மணி நேரமே சட்டப்படியான வேலை நேரம் என்பதும் தெரிந்திருக்கட்டும். உங்கள் பங்காக 11 விழுக்காடு சேமநிதிக்குப் பிடிக்கப்படுவதால், கைக்கு வரும் தொகை வேறு என்பதையும் கணக்கில் வையுங்கள். தொகையைக் கேட்டால், நீங்களே விசாரித்து வைத்த ஒரு வரம்பைச் சொல்லலாம். "நீங்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரவு ஷிப்டுக்கு வருவீர்களா என்று நிச்சயம் கேட்பார்கள். வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். உள்ளே ஒப்புக்கொண்டுவிட்டு, வேலைக் கடிதம் வந்தபின் அம்மாவுக்குச் சம்மதமில்லை என்று அழைப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பிறை மோட்டார்காரன்:
ஒன்பது மணி என்றால், நாம் தீவுக்குக் கடக்கும் பினாங்குப் பாலத்தில் நெரிசல் நேரம். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை என்றாலும் மழை வந்தால் தப்ப முடியாது. சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள். காவலர் கூண்டில் அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்யவே நேரம் பிடிக்கும்.

மாக் மண்டின்வாசி:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். என் தொழிற்பயிற்சி தொழிற்சாலையில் இல்லை, ஏர்கோன் பழுதுபார்க்கும் கடையில்தான். அதைப் பெரிதாகச் சொல்லலாமா?

லைன் எஞ்சினியர்:
தாராளமாகச் சொல்லலாம், தம்பி. குளிர்ச்சி வரவில்லை என்று ஒரு வீட்டுக்குப் போனபோது வடிகட்டி, மின்தேக்கி, கம்ப்ரசர், வாயு அழுத்தம் ஆகியவற்றில் எதை முதலில் பார்த்தீர்கள், ஏன் அதை முதலில் பார்த்தீர்கள் என்று விளக்குங்கள். மீட்டரில் என்ன அளவு காட்டியது என்பது நினைவிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழுவில் இருக்கும் எஞ்சினியர் அந்த இடத்தில் கண்டிப்பாகக் குறுக்குக் கேள்வி கேட்பார்.