கீதா ஜயந்தி: 700 ஸ்லோகமும் வாசிப்பதா, ஒரு அத்தியாயத்தைப் பேசுவதா?

கொல்லங்கோட்டுப் பையன்:
பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கிராமத்துச் சமூக மடத்தில் வருஷா வருஷம் குருவாயூர் ஏகாதசியன்று, அதைக் கீதை உபதேசித்த நாளாக (கீதா ஜயந்தி) வைத்து, கீதா பாராயணம் நடக்கும். காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் 18 அத்தியாயமும் முடிய பத்தரை ஆகும். அப்புறம் தீபாராதனை, கோதம்புப் பாயசம், அவரவர் வீடு. போன தடவை, 2025 டிசம்பர் 1, வந்தவர்களை எண்ணினேன். பதினோரு பேர். அறுபதுக்குக் கீழே நானும் என் மகளும் மட்டும்.

நாலாம் வகுப்புப் படிக்கிறவள். ஏழாவது அத்தியாயம் போய்க்கொண்டிருக்கும்போது காதில் கேட்டாள்: "அப்பா, இப்போ கிருஷ்ணர் என்ன சொல்றார்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷமாக அதே பாயில் உட்கார்ந்து வாசிக்கிறேன். இன்றுவரை அந்தக் கேள்வி உறுத்துகிறது.

கமிட்டியில் நான் வைக்கப்போகும் யோசனை இது. இனி ஒரு வருஷத்துக்கு ஒரு அத்தியாயம். முதலில் 12, பக்தி யோகம், இருபதே ஸ்லோகம். எல்லாரும் சேர்ந்து வாசிப்போம், பிறகு தமிழில் பொருள், பிறகு கேள்விகள். உங்கள் ஊர்களில் எப்படி? என்ன நினைக்கிறீர்கள்?

நூறணி மாமா:
வேண்டாம் தம்பி. குழந்தை கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 680 ஸ்லோகத்தை ஏன் எடுக்க வேண்டும்?

என் அப்பா பம்பாயில் முப்பது வருஷம் சமையல் வேலை பார்த்தவர். சமஸ்கிருத இலக்கணம் ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் மடத்தில் சந்தை சொல்லி, அதாவது குரு சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லி, கீதை முழுவதும் மனப்பாடம். சாப்பிட உட்காருமுன் 15ஆம் அத்தியாயம் சொல்லாமல் கை வைக்க மாட்டார். கடைசி இரண்டு வருஷம் நினைவு போய்விட்டது. என்னைத் தெரியவில்லை, அம்மாவைத் தெரியவில்லை. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து "ஊர்த்வமூலமத:சாகம்" என்று எடுத்தால், மீதியை அவரே சொல்லி முடிப்பார். பொருள் தெரிந்தா சொன்னார்? எனக்குத் தெரியாது. அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

பகவானே 18ஆம் அத்தியாயம் 71ஆம் ஸ்லோகத்தில் (18-71) சொல்கிறார், சிரத்தையோடு, பொறாமை இல்லாமல் காதால் கேட்டவனும் விடுதலை அடைவான் என்று. ஒரு தடவை குறைத்த பாராயணம் திரும்ப வந்ததாக நான் பார்த்ததில்லை.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
மாமா சொன்னதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். இங்கே எங்கள் வீடுகளில் சந்தை சொல்லித் தர யாரும் இருந்ததில்லை. பாராயணம் நடக்கும் இடத்தில் திண்ணையோரம் நின்று கேட்டிருக்கிறேன். இனிமையாக இருக்கும். உள்ளே போக மட்டும் வழி தெரியாது.

எனக்கு வழி காட்டியது பாரதியார் தமிழில் பெயர்த்த கீதை. கிணறு வற்றி, போட்ட தென்னை எல்லாம் காய்ந்த வருஷம் அது. "கடமையில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை" என்பது வெறும் வசனமாக அன்றைக்குப் படவில்லை. மறுபடி மண்வெட்டியை எடுத்தேன்.

கேரளத்துக்கும் இது புதிதல்ல. நிரணத்து மாதவப் பணிக்கர் என்ற கவி சுமார் 600 வருஷத்துக்கு முன்பே பாஷா பகவத்கீதை என்று கீதையைப் பழைய மலையாளத்தில் பாடினார். 700ஐ 328 பாட்டாகச் சுருக்கினார். தமிழ் வாடை வீசுகிற மொழி அது. ஜனங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்ததால்தானே சுருக்கினார்? அதனால் மூலம் அழிந்துவிட்டதா?

சித்தூர் மாமி:
எல்லாரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் வாரம் இரண்டு நாள் ஒன்பது குழந்தைகளுக்குக் கீதை சொல்லித் தருகிறேன். எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பள்ளியில் மலையாளம் படிக்கிறவர்கள். தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் எழுத்துக் கூட்டவே திணறுகிறார்கள். அதிலும் க, ச, ட, த, ப மேல் 2, 3, 4 என்று நம்பர் போட்டிருக்குமே, அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மலையாள எழுத்தில் கொடுத்தால் "தர்மக்ஷேத்ரே" கணீரென்று வருகிறது, ஒரு ஒலி பிசகுவதில்லை.

அதனால் புத்தகம் மலையாளத்தில், பேச்சு தமிழில். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. பேரன் பேத்தி பாரதியாரை வாசிக்க முடியாதவர்களாக வளர்கிறார்கள். ஆனால் அடுத்த ஏகாதசிக்குள் அதைச் சரி செய்ய முடியாது.

இன்னொன்று. நான் சிறுமியாக இருந்தபோது பெண்கள் பின்கட்டில் உட்கார்ந்து கேட்க மட்டும்தான். 9-32இல் பெண்கள் உட்பட என்னைச் சரணடைந்த யாரும் மேலான கதி அடைவார்கள் என்று பகவான் சொல்வது எனக்குத் தெரிந்தபோது வயது நாற்பது. முன்னமே யாராவது பொருள் சொல்லியிருந்தால்!

பஞ்சாங்கம் பார்ப்பவர்:
நடுவில் ஒரு விஷயம். எந்த நாள் என்பதையும் கமிட்டியில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குருவாயூர் ஏகாதசி சூரிய மாதக் கணக்கு, விருச்சிகத்தில் (தமிழில் கார்த்திகை மாதம்) வரும் வளர்பிறை ஏகாதசி. வடக்கே கீதா ஜயந்தி சந்திர மாதக் கணக்கு, மார்கசீர்ஷ வளர்பிறை ஏகாதசி. 2025இல் இரண்டும் ஒரே நாள், வைகுண்ட ஏகாதசி மட்டும் டிசம்பர் 30க்குப் போயிற்று. 2023இல் குருவாயூர் ஏகாதசி நவம்பர் 23, கீதா ஜயந்தியோ வைகுண்ட ஏகாதசியை ஒட்டி டிசம்பரில். ஒரு மாத வித்தியாசம்.

நம் பக்கம் விருச்சிக ஏகாதசிதான் சரி என்பது என் எண்ணம். கீதை உபதேசித்த நாள் என்பதால்தான் குருவாயூரில் அன்றைக்கு யானைகளோடு பார்த்தசாரதி கோயிலுக்கு எழுந்தருளிப்பு போகிறது.

கொல்லங்கோட்டுப் பையன்:
நாள் பற்றி எனக்கும் அதே எண்ணம்தான். மாமா, 18-71 சொன்னீர்கள். அதற்கு முந்தின ஸ்லோகத்தில் இந்த உரையாடலை அத்யயனம் செய்கிறவன் (ஓதிப் படிக்கிறவன்) ஞான யக்ஞத்தால் என்னை வழிபடுகிறான் என்கிறார். அடுத்த ஸ்லோகத்தில் அர்ஜுனனைப் பார்த்து, "ஒருமனதாகக் கேட்டாயா? உன் மயக்கம் தீர்ந்ததா?" என்று விசாரிக்கிறார். அவ்வளவு சொன்ன பிறகும், புரிந்ததா என்று கேட்காமல் விடவில்லை. 4-34இல் வணங்கு, கேள்வி கேள், பணிவிடை செய், அறிவாய் என்கிறார். நம் மடத்தில் முதலாவதும் மூன்றாவதும் இருக்கிறது. நடுவில் உள்ளது இல்லை. நம் காலடி ஊரில் பிறந்த ஆதி சங்கரரே முதல் அத்தியாயத்துக்கு வரிவரியாக உரை எழுதவில்லையே, 2-11இல்தானே ஆரம்பித்தார்.

நூறணி மாமா:
உரை எழுதவில்லை, சரி. முதல் அத்தியாயத்தை வாசிக்காதே என்று சொன்னாரா? அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டு அழுதது அங்கேதான் இருக்கிறது. அந்த அழுகை இல்லாமல் உபதேசம் யாருக்கு?

நடுவில் உள்ளது இல்லை என்றீர்கள். அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம் நானும் ஒருநாள்கூடப் பொருள் கேட்டதில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் வையுங்கள், நானே வருகிறேன். காலைப் பாராயணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கொல்லங்கோட்டுப் பையன்:
சாயங்காலம் பாதிப் பேர் குருவாயூரில் இருப்பார்கள், மாமா. நாலு மணி நேரம் உட்கார்ந்த குழந்தை மறுபடி வராது. காலையில் முதல் ஒரு மணி நேரம் 12ஆம் அத்தியாயமும் பொருளும். குழந்தைகள் போகலாம். முழுப் பாராயணம் வேண்டுபவர்கள் தொடரட்டும். இதற்குமேல் என்னால் இறங்க முடியாது.

நூறணி மாமா:
அப்படியானால் பாராயணத்துக்கு ஐந்து பேர்தான் மிஞ்சுவோம். நான் சம்மதிக்கவில்லை. கமிட்டியிலும் இதையே சொல்வேன். வருவேன்.

சித்தூர் மாமி:
12ஆம் அத்தியாயத்தை மலையாள எழுத்தில், கொட்டை எழுத்தாக, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முப்பது பிரதி எடுத்துத் தருகிறேன். நூறணி அண்ணா, 15ஐயும் எழுதட்டுமா? அதுவும் இருபது ஸ்லோகம்தான்.

நூறணி மாமா:
எழுதுங்கள்.