வசனப் பெட்டி மட்டும் போன்ல வெளிய ஓடுது, பிரின்ட்லயும் உடையுது – அவசரம்

சண்டேஸ்கூல்_டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளி பிள்ளைங்களுக்கு நல்ல சமாரியன் பாடத்தை ஒரு வெப் பேஜா பண்ணிருக்கேன், இடது பக்கம் லூக்கா 10 வசனம், வலது பக்கம் கேள்வி. லேப்டாப்ல பாத்தா அவ்ளோ நல்லா இருக்கு ஆனா போன்ல திறந்தா பேஜ் வலது பக்கமா வெளிய ஓடுது, விரலால இழுத்து இழுத்துதான் படிக்கணும். பிரின்ட் எடுத்தா பெட்டி ரெண்டா உடைஞ்சு பாதி அடுத்த தாளுக்குப் போகுது. சனிக்கிழமைக்குள்ள பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போடணும், பிரின்டும் எடுக்கணும். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கோட்டாறு_வெப்:
சிஸ்டர், எதுல பண்ணீங்க? வேர்ட்பிரஸா, கையால எழுதின எச்டிஎம்எல்லா? ரெண்டு பக்கமா பிரிச்சது டேபிள்லயா, இல்ல சிஎஸ்எஸ்ல (பேஜோட தோற்றத்த எழுதுற மொழி) பத்தி பத்தியா பிரிக்கிற கிரிட்லயா? போன்ல எந்த பிரௌசர்? இதெல்லாம் தெரியாம எப்படி சொல்றது.

மூத்தவன்_98:
இது அரிச்சுவடிம்மா. போன் திரை அகலத்துக்கு பேஜ வைக்கச் சொல்ற வியூபோர்ட் மெட்டா டேக் போட்டிருக்க மாட்டீங்க, அகலத்த பிக்சல்ல குடுத்திருப்பீங்க. முதல்ல சிஎஸ்எஸ் ஒழுங்கா படிச்சிட்டு அப்புறமா பேஜ் போடுங்க. இங்க இதே கேள்விக்கு நான் பல தடவை பதில் சொல்லிருக்கேன், தேடிப் பாத்திருக்கலாம்.

பாளை_அச்சகம்:
எனக்கு ஃபான்ட் மேலதான் சந்தேகம். சபை மலர், பாட்டுப் புத்தகம் எல்லாம் வருஷக்கணக்கா பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வச்சிருக்காங்க, அத கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடு ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் உள்ள வந்து உக்காரும். பழைய ஃபைல்ல இருந்து எடுத்தீங்களா?

சண்டேஸ்கூல்_டீச்சர்:
கையால எழுதினது, கிரிட், ரெண்டு காலம் (பத்தி). வியூபோர்ட் இருக்கு அண்ணா. பாமினி இல்ல. கேள்விப் பக்கம் நான் டைப் பண்ணது, தனியா வச்சுப் பாத்தா போன்ல அழகா மடங்குது, வசனம்தான் மடங்கல. வசனம் டைப் பண்ண நேரமில்லாம ஒரு வேதாகமத் தளத்துல இருந்து காப்பி பண்ணேன்.

மூத்தவன்_98:
வியூபோர்ட் இருந்தா இப்படி ஆகாது. திரும்பப் பாருங்க.

கோவை_சிஎஸ்எஸ்:
ஆகும் சார். கிரிட்ல காலத்துக்கு வெறும் ஒரு எஃப்ஆர்னு (மீதி இடத்துல ஒரு பங்கு) குடுத்தா, உள்ள இருக்குற உடைக்க முடியாத துண்டுல எது நீளமோ அந்த அகலத்துக்குக் கீழ காலம் சுருங்காது. தமிழ்ல இது அடிக்கடி மாட்டும், பரமண்டலங்களிலிருக்கிற மாதிரி ஒரு வார்த்தை போதும். காலத்துக்கு மின்மேக்ஸ் போட்டு குறைஞ்ச அளவு சைபர், கூடின அளவு ஒரு எஃப்ஆர்னு குடுங்க, கூடவே, நீள வார்த்தைய உடைக்க விடுற ஓவர்ஃப்ளோ-ராப்ல எனிவேர். பிரேக்-வேர்ட் வேணாம், அது காலத்தோட குறைஞ்சபட்ச அகலத்தக் கணக்குல மாத்தாது, எனிவேர் மாத்தும்.

கோட்டாறு_வெப்:
சரிதான், ஆனா இங்க அது மட்டும்னு தோணல. நீள வார்த்தைன்னா அந்த ஒரு வார்த்தைதான் துருத்திக்கிட்டு நிக்கும், மத்த வரியெல்லாம் மடங்கிடும். சிஸ்டர், ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இடைவெளி இருந்தும் அங்க வரி உடையலயா? அந்த வசனப் பகுதி கோட அப்படியே இங்க போடுங்க.

பாளை_அச்சகம்:
நான் இன்னும் ஃபான்ட்னுதான் சொல்வேன், நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுப் பாருங்க.

கோட்டாறு_வெப்:
சிஸ்டர் அனுப்பின கோட் பாத்தேன், கெடச்சிருச்சு. காப்பி பண்ண வசனத்துல வார்த்தைக்கு நடுவுல இருக்கறதுல பாதிக்கு மேல சாதா ஸ்பேஸ் இல்ல, என்பிஎஸ்பி, அதாவது வரி உடையாத இடைவெளி. கண்ணுக்கு ரெண்டும் ஒன்னுதான், பிரௌசருக்கு நாலஞ்சு வார்த்தை ஒட்டி ஒரே துண்டு. லேப்டாப்ல அகலம் இருக்கு, அந்தத் துண்டு அடங்கிடுது. போன்ல அடங்காது, கோவை சொன்ன கிரிட் கணக்குல காலமும் சுருங்காது, பேஜே வெளிய போகுது. விஎஸ் கோட் எடிட்டர்ல ஃபைல திறங்க, அப்படி ஒரு இடைவெளிய மட்டும் செலக்ட் பண்ணி காப்பி எடுத்து தேடுற கட்டத்துல ஒட்டுங்க, மாத்துற கட்டத்துல ஸ்பேஸ்பார் ஒரு தட்டு, எல்லாத்தையும் மாத்து. எனிவேர் மட்டும் போட்டா ஓட்டம் நிக்கும், ஆனா வார்த்தை கண்ட இடத்துல அறுபடும், எட்டு வயசுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது கஷ்டம். போனுக்கு மீடியா கொயரி (சின்னத் திரைக்குத் தனி சிஎஸ்எஸ்) போட்டு ஒரே காலமா விட்டுருங்க, வசனம் மேல, கேள்வி கீழ.

மூத்தவன்_98:
இத நானும் சொல்லிருப்பேன், கோட் முதல்லயே போட்டிருந்தா.

கோவை_சிஎஸ்எஸ்:
பிரின்டுக்கு: அச்சு ஸ்டைல்ல கிரிட்ட எடுத்துட்டு டிஸ்ப்ளே பிளாக் ஆக்குங்க, பெட்டிக்கு பிரேக்-இன்சைட் அவாய்ட், அதாவது நடுவுல உடைக்காதேன்னு குடுங்க. ஆனா வசனம் 25 முதல் 37 வரைக்கும் ஒரே பெட்டின்னா, பெரிய எழுத்துல அது ஒரு தாளத் தாண்டிடும், தாண்டினா அவாய்ட் சொன்னாலும் உடையத்தான் செய்யும். பெட்டிக் கலர் தாள்ல வரலன்னா பிரின்ட் டயலாக்ல பேக்ரவுண்ட் கிராபிக்ஸ் டிக் பண்ணணும். வசன எண்ண சூப்பர்ஸ்கிரிப்ட்ல (மேல தூக்கின சின்ன எழுத்துல) போட்டா அந்த வரி மட்டும் இடைவெளி கூடித் தெரியும், அதுக்கு லைன்-ஹைட் சைபர் குடுங்க.

தூத்துக்குடி_வேதபாடம்:
எண்ணையே எடுத்துடலாமே? வசன எண் லூக்கா போட்டது இல்ல. ராபர்ட் எஸ்தியேன் 1551ல அச்சடிச்ச கிரேக்க புதிய ஏற்பாட்டுல வந்தது. கதைய கதையா ஓட விடுங்க, பிள்ளைங்க எண்ணுல தடுக்கி நிக்காம படிக்கும்.

குமரி_டீச்சர்:
அதெப்படி எடுக்கறது? மனப்பாட வசனம் சொல்லும்போது இடம் சொல்லாம சொன்னா எங்க சபையில மார்க்கே கிடையாது, வினாடி வினாவுக்கும் அதுதான் முக்கியம். பெரியவங்க ஆனப்புறம் பைபிளத் திறந்து தானா எடுக்கணும்னா இப்பவே எண் பழகணும்.

தூத்துக்குடி_வேதபாடம்:
இடம் தெரியணும், சரி. ஆனா எண்ணால நடக்குறத நான் வகுப்புல பாக்கறேன் அக்கா. 30ல கதை ஆரம்பிக்குதுன்னு முக்கால்வாசிப் பாடம் 30ல இருந்தே எடுக்குது. வேதச் சட்டம் படிச்ச நியாயசாஸ்திரி 25ல கேட்ட கேள்வியும், 29ல எனக்குப் பிறன் யாருன்னு கேட்டதும் விட்டுப்போகுது. அந்தக் கேள்விய வெட்டிட்டா, அடிபட்டவனுக்கு உதவுன நல்ல மனுஷன் கதையா மட்டும் நின்னுடும். யூதருக்கும் சமாரியருக்கும் ஆகாது, அப்படிப்பட்ட ஆள இயேசு முன்னால நிறுத்தி, 36ல யார் பிறனா இருந்தான்னு கேள்வியையே திருப்பிக் கேட்டாரு, அதுதானே பாடம்? லேவியன் விலகிப் போனத மட்டும் வரைஞ்சுட்டு வர்ற பிள்ளைக்கு அது எங்க போய்ச் சேரும்?

குமரி_டீச்சர்:
அதுக்கு எண் என்ன பாவம் பண்ணுச்சு, பாடம் எழுதறவங்க 25ல இருந்து எடுத்தா போச்சு. எண்ண எடுத்தா கேள்வித்தாள்ல எந்த வசனம்னு எதக் காட்டுவீங்க?

கோட்டாறு_வெப்:
ரெண்டு பேர் சொல்றதும் ஒரே லேஅவுட்ல அடங்கும். 25-29 ஒரு பெட்டி, 30-35 ஒரு பெட்டி, 36-37 ஒரு பெட்டி. முதல்ல கேள்வி, நடுவுல கதை, கடைசியில இயேசு கேட்டதும் அவன் சொன்ன பதிலும். ஒவ்வொன்னும் சின்னது, பிரேக்-இன்சைட் வேலை செய்யும், தாள் மாறினாலும் கதை நடுவுல அறுபடாது. எண்ண வெளிர் நிறத்துல விட்டு யூசர்-செலக்ட் நன் குடுங்க, காப்பி பண்ணும்போது கூட வராது. நம்மகிட்ட இருந்து காப்பி எடுக்குற அடுத்த டீச்சருக்கும் உதவும்.

பாளை_அச்சகம்:
பிரின்ட் போடறதுக்கு முன்னாடி பிடிஎஃப்பா சேவ் பண்ணி போன்லயும் ஒரு தடவை பாத்துக்கோங்க, கடையில வேற மெஷின்னா பக்கம் மாறும்.

சண்டேஸ்கூல்_டீச்சர்:
ஸ்பேஸ் மாத்தினேன், போன்ல சரியாயிருச்சு. மூணு பெட்டியா பிரிச்சேன், பிரின்ட்லயும் உடையல. எண் வச்சுக்கறேன். எல்லாருக்கும் நன்றி, பிரின்டுக்குக் கிளம்பறேன்.

குமரி_டீச்சர்:
சிஸ்டர் அந்த பேஜ் கோட் முழுசா இங்க போட முடியுமா? எங்க விபிஎஸ்க்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) காணாமற்போன ஆடு, லூக்கா 15, இதே மாதிரி பண்ணணும்.

தூத்துக்குடி_வேதபாடம்:
அக்கா அதுக்கும் 4ல ஆரம்பிக்காதீங்க, முதல் ரெண்டு வசனத்துல பரிசேயர் முறுமுறுக்கறாங்க, அவங்களுக்குச் சொன்ன பதில்தான் அந்த உவமை. அதுக்குத் தனிப் பெட்டி போடுங்க.