கயிற்றரவுக்கு ஒரு கலைச்சொல்: மாயையா, மயக்கமா, திரியக்கோடலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கயிற்றரவு, அதாவது கயிற்றைப் பாம்பு என்று காண்பது, போன்றவற்றைக் குறிக்கும் ஆங்கில ‘இல்யூஷன்’ (illusion) வரும் இடமெல்லாம் ‘மாயை’ போட்டுவிடலாம் என்று நேற்றைய மடலில் கண்டேன். எனக்கு உடன்பாடில்லை. சங்கரரின் அத்வைத மரபில் மாயை உள்ளது என்றும் இல்லது என்றும் அறுதியிட முடியாதது. சைவ சித்தாந்தத்திலோ அது உள்பொருள்; உயிரைப் பற்றிய மும்மலத்தில் (ஆணவம், கன்மம், மாயை) ஒன்று, உடலுக்கும் உலகுக்கும் முதற்காரணம். உமாபதி சிவம் திருவருட்பயனில் மாயையை விடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். விளக்கைப் போய்ப் பொய்த்தோற்றம் என்பதா? திருப்பாவையின் ‘மாயனை’யிலும் பொய் இல்லை, வியப்புதான்.

ஆகவே மாயையை அந்தந்தத் தத்துவத்துக்கே விட்டுவிடுவோம். கயிற்றைப் பாம்பு என்று கொள்ளும் பிழைக்குத்தான் இப்போது சொல் வேண்டும். ‘பிரமை’யும் உதவாது. வடமொழியில் பிழையறிவான ‘ப்ரம’ (bhrama) மட்டுமல்ல, மெய்யறிவான ‘ப்ரமா’வும் (pramā) தமிழ் எழுத்தில் ‘பிரமை’ ஆகிவிடும். சரியும் தவறும் ஒரே வேடத்தில் வந்து நிற்கும். ‘மயக்கம்’ என்றால் தண்ணீர் தெளிக்க ஓடிவருவார்கள்.

மணிமேகலை 27ஆம் காதையில் அளவைவாதி (அறியும் வழிகளை ஆராயும் தத்துவவாதி) பிழையான அறிவுகளை எட்டாக எண்ணுகிறான். அவற்றுள் ஒன்று ‘திரியக் கோடல்’, அதாவது பிறழக் கொள்ளுதல்: கிளிஞ்சலை வெள்ளி என்று உணர்தல். அத்வைதிகள் அத்யாசத்துக்கு (ஒன்றன்மேல் இன்னொன்றை ஏற்றிக் காண்பதற்கு) சொல்லும் எடுத்துக்காட்டும் இதுவே. சொல் கையிலேயே இருக்கிறது, புதிதாக எதற்குச் செய்ய வேண்டும்?

—

ஐயா, ‘கோடல்’ என்றால் இன்றைய மாணவர் அப்பெயருள்ள வெண்காந்தள் பூவைக்கூட நினைக்க மாட்டார், கோடு போடுவதைத்தான் நினைப்பார். அது சின்னக் குறை. பெரிய குறை ‘திரி’யில் இருக்கிறது. பால் திரிந்தால் பால் உண்மையிலேயே மாறிவிடுகிறது. இலக்கணத்திலும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்களில் எழுத்து மெய்யாகவே மாறுகிறது. பால் தயிராவது பரிணாமத்துக்கு (பொருளே மெய்யாக மாறுவதற்கு) உவமை. கயிறு பாம்பாகத் தோன்றுவது விவர்த்தத்துக்கு (பொருள் மாறாமலே வேறாகத் தோன்றுவதற்கு). கயிறு எங்கே திரிந்தது?

—

நல்ல கேள்வி அம்மா, இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டீர்கள். ‘திரிபுத்தோற்றம்’ என்று பெயர் வைத்தால் உங்கள் தடை முழுக்கப் பொருந்தும். ‘திரியக்கோடல்’ அப்படியில்லை. ‘திரிய’ என்பது ‘கொள்ளுதலை’த் தழுவுகிறது, பொருளை அல்ல. கயிறு கயிறாகவே கிடக்கிறது. நாம் கொண்டவிதம்தான் பிசகு.

இன்னொன்றும் இதில் கிடைக்கிறது. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும். கானல்நீர் அப்படிப் போகாது. நீரில்லை என்று தெரிந்த பிறகும் கண்ணுக்கு நெளியும். செம்பருத்திப் பக்கத்தில் வைத்த பளிங்கும் அப்படித்தான், சிவப்பில்லை என்று அறிந்தவனுக்கும் சிவப்பாகவே தெரியும். அங்கே கோடல் நீங்கிவிட்டது, தோற்றம் நிற்கிறது. ஆக, இரண்டு சொற்கள் வேண்டும்: அறிவின் பிழைக்குத் திரியக்கோடல், கண்ணில் எஞ்சுவதற்குப் பொய்த்தோற்றம். ‘கோடல்’ உறுத்தினால் ‘திரியக்கொள்ளல்’ என்று வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ‘திரித்துக்கொள்ளல்’ மட்டும் வேண்டாம், அது வேண்டுமென்றே கதை திரிப்பவன் வேலை.

பரிணாமத்துக்குத் ‘திரிபு’ என்பதை நீங்களே தந்துவிட்டீர்கள். விவர்த்தத்துக்கு என்னிடம் ஒன்றும் சிக்கவில்லை. ‘திரியாத்தோற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். தோற்றமே திரியாதது என்று படிக்கிறார்கள். யாராவது கைகொடுங்கள்.