புதுப்பிப்பு: வீட்டு பீரில் பாட்டிலுக்குப் பாட்டில் மாறிய கேஸ் (நுரை தரும் வாயு), இப்போது சரியாகிவிட்டது
வீட்டில் காய்ச்சிய பீரில் சில பாட்டில் பொங்கி வழிகிறது, சிலதில் கேஸே இல்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது "பாகை முதலில் ஊற்றுங்கள்" என்ற யோசனைதான். பாகு என்றால், பாட்டிலில் கேஸ் உருவாக பீரில் சேர்க்கும் சர்க்கரைக் கரைசல். முன்பு, பாட்டிலில் அடைப்பதற்கு முன் பீரை மாற்றும் வாளி நிரம்பிய பிறகு மேலிருந்து ஊற்றினேன். கனமான பாகு அடியிலேயே தங்கிவிட்டது. இந்த முறை 19 லிட்டருக்கு 120 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் காலி வாளியில் ஊற்றினேன். பீர் வரும் குழாயின் முனையை வாளியின் அடியில் சுவரோரமாக வளைத்து வைத்ததால் பீர் சுழன்றபடியே நிரம்பியது. அப்புறம் கிருமி நீக்கிய கரண்டியால் மெதுவாக ஒரு கலக்கு. சலசலவென்று கலக்கிவிடாதீர்கள், காற்று சேர்ந்தால் ருசி கெட்டுவிடும்.

எதிர்பாராதது ஒன்று: ஒரு வாரத்தில் திறந்த பாட்டில் சப்பென்று இருந்தது, பயந்துவிட்டேன். 21 டிகிரியில் இரண்டு வாரம் வைத்த பிறகு திறந்த 9 பாட்டிலும் ஒரே சீர்.