கொங்கிரீட் இட்ட பின் கூடிய வேகம்: தோட்ட வீதியில் வாகனங்களை மெதுவாக ஓட வைக்க நாங்கள் என்ன செய்யலாம்?

மேட்டு லயத்து வாசி, டிக்கோயா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்ட வீதி ஹட்டன் – மஸ்கெலியா பிரதான வீதியிலிருந்து பிரிந்து, பணிய லயத்தையும் (லயம் என்பது தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளை மடுவத்தையும் (தாய்மார் வேலைக்குப் போகையில் சிறுவரைப் பராமரிக்கும் இடம்) கடந்து மேட்டு லயம் வரை ஏறி, மறுபக்கமாக இறங்கி மீண்டும் பிரதான வீதியில் சேர்கிறது. குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் எந்த வாகனமும் இதில் விரைந்து ஓட முடியவில்லை. கொங்கிரீட் இட்ட பிறகு ஆட்டோக்களும் பாடசாலை வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் பிள்ளை மடுவத்தின் முன்னாலேயே வேகமெடுக்கின்றன. லயத்து வாசலுக்கும் வீதிக்கும் இடையில் ஒரு கானைத் தவிர வேறொன்றும் இல்லை. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில், பிரதான வீதி நெரிசலானால் வெளியூர் வாகனங்களும் இதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துகின்றன. நாமே சீமெந்து கொண்டு ஒரு வேகத்தடை கட்டிவிடலாம் என்று எங்கள் இளைஞர்கள் சொல்கிறார்கள். பொலிசாருக்கு எழுதுவோம் என்கிறார் தோட்டத் தலைவர். எதை முதலில் செய்வது?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், பதுளை:

தம்பி, சீமெந்து மேட்டை மட்டும் தயவுசெய்து கட்டாதீர்கள். உரிய அனுமதியின்றி வீதியில் எதையும் கட்டுவது சட்டச் சிக்கலைத் தரும் என்பது ஒருபுறமிருக்க, நம் மலைநாட்டு வீதிகளில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பிரித்தானியாவில் 1970களில் ஆய்வு செய்து வகுக்கப்பட்ட வேகத்தடை, வாகனம் செல்லும் திசையில் ஏறத்தாழ 3.7 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. மெதுவாக வருபவருக்கு அது தொல்லை தராது. விரைந்து வருபவரைத்தான் உலுக்கும். நாம் அவசரத்தில் கட்டுவதோ அதே திசையில் ஒரு முழம்கூட இல்லாத செங்குத்தான வரம்பு. மழையிலும் பனிமூட்டத்திலும் இறக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள்காரர் அதைக் காணாமல் விழுவார். பிரசவ வலியோடு ஒரு தாயை ஆட்டோவில் கொண்டுபோகும் இரவில் அதே வரம்பு அவளுக்குத்தான் வேதனையாகும். போதாக்குறைக்கு, கானுக்குப் போக வேண்டிய மழைநீரைத் தடுத்து வீதியையே அரித்துவிடும். கடும் சரிவிலும் வளைவிலும் வேகத்தடை வைக்கக் கூடாது. சமதரையான இடத்தில், முன்னறிவிப்புப் பலகையோடும் இரவில் ஒளிரும் வண்ணப் பூச்சோடும் உரிய நிறுவனம்தான் அதை அமைக்க வேண்டும்.

அதற்கு முன்னர் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். பிள்ளை மடுவத்தின் அருகே வீதியோரத்தில் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களை வைத்து, வாகனம் ஒன்றிலிருந்து மற்றதை அடையும் நேரத்தைக் கைத்தொலைபேசியில் பாருங்கள். 6 விநாடி எடுத்தால் மணிக்கு 30 கிலோமீற்றர், 4.5 விநாடி என்றால் 40, 3.6 விநாடி என்றால் 50. வாகன இலக்கங்களைக் குறிக்கத் தேவையில்லை, ஏனெனில் யாரையும் மாட்டிவிடுவது நம் நோக்கமன்று. பாடசாலை நேரத்தில் வீதி எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு தாள் கையில் இருந்தால், வெறும் முறைப்பாட்டுக்குக் கிடைக்காத கவனம் கிடைக்கும்.

வேறுபாடு சிறியதென்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கி பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், காய்ந்த சமதரை வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஏறக்குறைய 13 மீற்றரில் நின்றுவிடும். 50 கிலோமீற்றரில் வருவது 28 மீற்றரைத் தாண்டித்தான் நிற்கும். ஈரமான இறக்கத்தில் அது இன்னும் நீளும். பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்க வேண்டுமென வீதிப் பாதுகாப்பு பற்றிய 2020ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் பிரகடனம் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. லயத்து வாசல்களை உரசிச் செல்லும் வீதியை விட அதற்குப் பொருத்தமான இடம் வேறெது?

ஆசிரியை, தலவாக்கலை:

ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைச் சேர்ந்த டேவிட் எங்விக்ட் என்பவர், தெருவாசிகள் பயந்து வீட்டுக்குள் ஒதுங்க ஒதுங்க வாகனங்களின் வேகம் கூடும் என்றும், அவர்கள் வெளியே வந்து தெருவைத் தம்முடையதாகப் பாவிக்கத் தொடங்கினால் அந்த வேகம் தானாகவே குறையும் என்றும் நீண்ட காலமாகச் சொல்லி வருபவர். பிள்ளைகளைப் பெரியவர்கள் முறைபோட்டுக் கூட்டமாகப் பாடசாலைக்கு நடத்திச் செல்லும் ஏற்பாட்டை 1990களில் பரப்பியவரும் அவரே. நம் தோட்டங்களுக்கு இது புதிதன்று. பிள்ளைகள் கூட்டமாக நடப்பது நம் வழக்கம்தான். பெரியவர் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் வெளிர்நிற மேலாடையோடு நடந்தால், சாரதி தூரத்திலேயே காண்பார். நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்புறமாக நடக்கப் பழக்குங்கள்.

காலையில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரிடம் இந்தப் பொறுப்பையும் சுமத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுபெற்றவர்களும் வேலையற்ற இளைஞர்களும் ஊரில் இருக்கிறார்கள். சீமெந்து குழைக்க ஆர்வமாக இருக்கும் அதே இளைஞர்களை இதற்கு அழைத்துப் பாருங்கள்.

ஆட்டோ சாரதி, நோர்வூட்:

நான் இந்த வீதிகளில்தான் பிழைக்கிறேன், ஆகவே சாரதிகள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பருவ காலத்து வெளியூர் வாகனங்களை விட்டுவிட்டால், தோட்ட வீதியில் விரைந்து ஓடுபவர்கள் பெரும்பாலும் அதே தோட்டத்துப் பிள்ளைகள்தான். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பேச முடியும். கோயில் கமிட்டி கூடும் நாளில் ஆட்டோ, வேன் சாரதிகளையும் உட்கார வைத்து, பிள்ளை மடுவத்திலிருந்து கடைசி லயம் வரை 20 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை என்று ஒரு பொது உடன்பாட்டுக்கு வாருங்கள். குற்றஞ்சாட்டும் குரலில் பேசினால் யாரும் வரமாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே வாசலில்தான் விளையாடுகின்றன.

இன்னொன்றையும் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது என்றால், ஏழு இருபதுக்கு ஆட்டோவில் ஏறிவிட்டு "சீக்கிரம் போங்க அண்ணே" என்று அவசரப்படுத்துபவர்கள் பலர். வேகத்தில் ஒரு பங்கு பின் சீற்றிலிருந்து வருகிறது. "மெதுவாகப் போங்க" என்று பயணி சொன்னால் எந்தச் சாரதியும் கோபிப்பதில்லை.

வளைவின் உட்புறத்தில் மண்டிக் கிடக்கும் புதரை வெட்டிவிடுங்கள். அங்கே பிள்ளை நின்றால் கடைசி நொடி வரை எங்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் நேரான பகுதியின் இரு ஓரங்களையும் அகலமாக வெட்டித் திறந்துவிட வேண்டாம். வீதி அகலமாகத் தெரிந்தால் கை தானாக முறுக்கும்.

மேட்டு லயத்து வாசி, டிக்கோயா:

மூவருக்கும் நன்றி. சாரதிகளோடான கூட்டத்தை முதலில் வைக்கிறோம். வீதி தோட்டக் கம்பனியுடையதா, பிரதேச சபையுடையதா என்று எங்களில் எவருக்கும் தெளிவில்லை. கடிதத்தை யாருக்கு எழுதுவது?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், பதுளை:

பலரும் தடுமாறும் இடம் இதுதான். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், அடுத்த நிலையில் உள்ளவை மாகாணத்துக்கும், சிறு வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. தோட்டத்தின் உள்வீதிகள் பொதுவாகக் கம்பனியின் பொறுப்பில் இருக்கும். பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின்னர் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழி பிறந்திருப்பதால், கம்பனி வீதி என்ற ஒரே காரணத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப இடமளிக்காதீர்கள். சபைச் செயலாளருக்கு எழுதி, தோட்ட முகாமையாளருக்கும் பொலிஸ் நிலையப் போக்குவரத்துப் பிரிவுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி அனுப்புங்கள். வீதி யாருடையது என்பதற்குப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். வேக அளவீட்டுத் தாளையும், சமதரையான இடத்தைக் குறித்த ஒரு கைவரைபடத்தையும் முதல் கடிதத்தோடேயே இணைத்துவிடுங்கள்.